எதை டபுள் கிளிக் பண்றது?

விண்டோஸ் 10-க்குக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. லினக்ஸுக்கு மாற நினைப்பவர்கள் முதல் நாளே தடுமாறும் இடம் மென்பொருள் நிறுவுதல். அந்த ஒரு வேலைக்குப் பின்னால் முப்பது வருட உழைப்பும், நம் அரசுகள் கவனிக்கத் தவறிய ஒரு பாடமும் இருக்கின்றன.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. வீட்டு உபயோகத்துக்கு ஓராண்டு நீட்டிப்பு தந்தது. அதற்குப் பிறகு விண்டோஸ் 11-க்குத்தான் போக வேண்டும். அதற்கோ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். இன்டெல் ப்ராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். இதனால், எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஏராளமான கம்ப்யூட்டர்கள் காகிதத்தில் ‘பழசு’ ஆகிவிட்டன.

அப்படி ஒரு கம்ப்யூட்டர் இருக்கும் இடம் டெல்லி சரோஜினி நகர். வெளியூர்க்காரர்கள் அதைத் துணி மார்க்கெட்டாகத்தான் அறிவார்கள். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருப்பது மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பு. முன்பு வினய் நகர் என்று பெயர். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் இங்கே ‘குவார்ட்டர்ஸ்’ வாங்கிக் குடியிருந்திருக்கின்றன. பிள்ளையார் கோயில் இங்கேயே உண்டு. பக்கத்து லக்ஷ்மிபாய் நகரில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் (டி.டி.இ.ஏ.) தமிழ்ப் பள்ளி. 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மறுகட்டுமானத் திட்டத்தில் பழைய மாடி வீடுகள் இடிபட்டு, அடுக்குமாடிகள் எழுந்துகொண்டிருக்கின்றன.

இந்தக் கட்டுரைக்கு இந்த இடம் பொருத்தம். அரசாங்கம் ஒரு கொள்கை வகுத்தால், அதைக் கோப்பில் எழுதி நகர்த்துகிறவர்கள் வாழும் பேட்டை இது. மத்திய அரசு 2015-லேயே திறமூல (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருள் கொள்கையை அறிவித்தது. அரசுத் துறைகள் மென்பொருள் வாங்கும்போது திறமூலத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். தவிர்த்தால் காரணம் எழுத வேண்டும் என்பது அதன் சாரம். 2023 ஆகஸ்டில் சவுத் பிளாக்கில் பாதுகாப்பு அமைச்சகக் கம்ப்யூட்டர்களுக்கு உபுண்டு என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ‘மாயா’ இயங்குதளம் வருகிறது என்ற செய்தி வந்தது. ஆக, அலுவலகத்தில் லினக்ஸ் மெல்ல வந்துவிட்டது. வீட்டில்?

செட்டப் ஃபைல் இல்லாத ஊர்

சரோஜினி நகரில் உறவினர் வீடு. மாமாவுக்கு அடுத்த வருடம் ரிட்டயர்மென்ட். பழைய டெஸ்க்டாப்பில் மகன் டெபியன் லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டான். பேங்க், ரயில் டிக்கெட், வருமான வரி எல்லாம் பிரௌசரிலேயே நடப்பதால் மாமாவுக்குக் குறை ஒன்றும் இல்லை. தமிழில் டைப் அடிக்க வேண்டும் என்றபோதுதான் சிக்கல் வந்தது.

“ஏதோ டவுன்லோட் பண்ணணும்னியே, செட்டப் ஃபைல் எங்கே?”

“இதுல செட்டப் ஃபைல் கிடையாது மாமா.”

“அப்ப எதை டபுள் கிளிக் பண்றது?”

இருபத்தைந்து வருட விண்டோஸ் பழக்கம் அப்படித்தான் கேட்கும். பதிலுக்கு டெர்மினலைத் திறந்து ஒரே வரி அடித்தோம்: ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐபஸ்-எம்17என்’. பாஸ்வேர்டு கேட்டது. கூடவே வேறு எந்தெந்த பேக்கேஜுகள் (மென்பொருள் கட்டுகள்) தேவை, எவ்வளவு இறக்க வேண்டும், டிஸ்க்கில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பட்டியல் போட்டு, தொடரலாமா என்று கேட்டது. ‘ஒய்’ தட்டியதும் கிடுகிடுவென்று வரிகள் ஓடி நின்றன. லாக்-அவுட் செய்து மீண்டும் உள்ளே வந்து, செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போனால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர் எல்லாம் வரிசையாக நின்றன. மாமா டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர், டைப்ரைட்டரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்.

“எந்த வெப்சைட்லேர்ந்து வந்தது இது?” என்றார். அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

மூன்று கோப்பு, ஒரு பொறுப்பாளர்

லினக்ஸின் ஆரம்ப நாட்களில் மென்பொருள் நிறுவுவது சாமானியர் வேலை இல்லை. மூலநிரலை இறக்கி, ‘கான்ஃபிகர்’, ‘மேக்’, ‘மேக் இன்ஸ்டால்’ என்று வரிசையாகக் கட்டளை கொடுத்து நாமே தயாரித்துக்கொள்ள வேண்டும். பாதியில் ‘இன்ன லைப்ரரி இல்லை’ என்று நின்றுவிடும். அதைத் தேடிப் போட்டால், அது இன்னொன்றைக் கேட்கும். இதற்கு ‘டிபென்டன்சி நரகம்’ என்றே பெயர்.

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற மாணவர் டெபியன் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளைத் தயாரித்து, சோதித்து, நிறுவத் தயாரான நிலையில் கட்டிக் கொடுப்பதைத் தன்னார்வலர்கள் பொறுப்பாக எடுத்துச் செய்வது என்பது அதன் எண்ணம். அந்தக் கட்டுதான் ‘டெப்’ கோப்பு. 1995-ல் ரெட் ஹாட் நிறுவனம் ‘ஆர்.பி.எம்.’ என்ற தன் முறையைக் கொண்டுவந்தது. 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1-ல் ‘ஆப்ட்’ கருவி சேர்ந்தது. எது எதைச் சார்ந்தது என்று கணக்குப் போட்டு, வேண்டியதையெல்லாம் தானே இறக்கி, சரியான வரிசையில் நிறுவும் கருவி அது. போனில் ‘ஆப் ஸ்டோர்’ வருவதற்குக் கிட்டத்தட்ட பத்து வருடம் முன்பே லினக்ஸில் அதற்கு இணையான ஏற்பாடு வந்துவிட்டது.

ஒரு டெப் கோப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்றே கோப்புகள். முதலாவதில் ‘2.0’ என்ற பதிப்பு எண் மட்டும். இரண்டாவது, கட்டுப்பாட்டுத் தகவல்: பேக்கேஜின் பெயர், பதிப்பு, எவற்றைச் சார்ந்திருக்கிறது, யார் பொறுப்பாளர். நிறுவும்போதும் நீக்கும்போதும் ஓட வேண்டிய சிறு ஸ்கிரிப்டுகளும் இதில்தான் இருக்கும். மூன்றாவதில்தான் உண்மையான சரக்கு. டிஸ்க்கில் எந்தெந்த ஃபோல்டருக்குப் போக வேண்டுமோ அதே அமைப்பில் அடுக்கப்பட்டிருக்கும்.

‘பொறுப்பாளர்’ என்ற அந்த ஒரு வரியைக் கவனியுங்கள். மென்பொருளை எழுதியவர் பெரும்பாலும் வேறொருவர். அதைக் கட்டித் தருபவர்தான் இவர். உரிமம் சரியா என்று பார்ப்பது, டெபியனோடு ஒத்துப்போக வைப்பது, யாராவது குறை சொன்னால் கேட்பது, பாதுகாப்பு ஓட்டை வந்தால் ஒட்டுப் போடுவது எல்லாம் இவர் தலையில். மாமா வீட்டுத் தமிழ் கீபோர்டின் கதையும் அப்படித்தான். எம்17என் என்ற பன்மொழி நூலகம் ஜப்பானிய ஆய்வு நிறுவனம் ஒன்றில் உருவானது. அதற்குள் தமிழ் விசைப்பலகைகள் சேர்ந்தன. அதை டெபியன் தன்னார்வலர்கள் கட்டி வைத்தார்கள். சரோஜினி நகர் வரை அது ஒரே வரியில் வந்து சேர்ந்தது.

வெட்டிய லேபிள்

விண்டோஸ் பழக்கத்தில் நாம் செய்வது என்ன? கூகுளில் தேடி, முதலில் வரும் தளத்தில் ‘ஃப்ரீ டவுன்லோட்’ பொத்தானை அமுக்கி, வந்ததை ஓடவிடுவோம். சரோஜினி நகர் மார்க்கெட்டில் குவியலிலிருந்து சட்டை எடுப்பது போலத்தான். எக்ஸ்போர்ட் சரக்கு என்பார்கள், லேபிள் வெட்டப்பட்டிருக்கும், யார் தைத்தது என்று தெரியாது. இருநூறு ரூபாய்ச் சட்டைக்கு அந்த ரிஸ்க் எடுக்கலாம். பேங்க் பாஸ்வேர்டு அடிக்கும் கம்ப்யூட்டருக்கு எடுக்கலாமா?

டெபியன் தன் பேக்கேஜுகளை அடுக்கி வைத்திருக்கும் இணையக் கிடங்குதான் ‘களஞ்சியம்’; மாமாவின் கேள்விக்குப் பதிலும் அதுதான். அங்கிருந்து ஆப்ட் இறக்கும்போது இரண்டு சோதனைகள் நடக்கின்றன. களஞ்சியத்தின் பட்டியல் டெபியனின் டிஜிட்டல் கையொப்பத்தோடு வருகிறது. அது சரியா என்று முதலில் பார்க்கும். பட்டியலில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ‘ஹாஷ்’ எண் உண்டு. இறங்கிய கோப்பு அதோடு பொருந்துகிறதா என்று அடுத்துப் பார்க்கும். இடையில் யாரும் கை வைத்திருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

பலருக்குத் தெரியாத நுட்பம் ஒன்று இங்கே உண்டு. கையொப்பம் பட்டியலுக்குத்தான், தனித்தனி டெப் கோப்புக்குப் பொதுவாகக் கிடையாது. எனவே ஏதோ ஒரு வெப்சைட்டிலிருந்து நேராக இறக்கிய டெப் கோப்புக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அதன் உள்ளே இருக்கும் ஸ்கிரிப்டுகளோ ‘ரூட்’ என்ற முழு நிர்வாக அதிகாரத்தோடு ஓடும். லினக்ஸில் வைரஸ் வராது என்று நம்பி, கண்ட டெப்பை இறக்கி நிறுவுகிறவர் சாவியைத் தானே எடுத்துக் கொடுக்கிறார்.

பழசா, புதுசா?

களஞ்சியத்துக்கும் ஒரு குறை உண்டு: சரக்கு பழசாக இருக்கும். டெபியனின் ‘ஸ்டேபிள்’ பதிப்பு சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. இடைப்பட்ட காலத்தில் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்; புதிய வசதிகள் பொதுவாக வராது.

தமிழ் அச்சுத் துறைக்காரர்களுக்குப் புரியும் உதாரணம், பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸ். இதன் பழைய 1.4 வரிசையில் தமிழ் எழுத்து ஒழுங்காக வராது. கொம்பு ஓரிடத்தில், எழுத்து ஓரிடத்தில் நிற்கும். இந்திய எழுத்துகளுக்கான வசதி 1.5 என்ற சோதனை வரிசையில் சேர்க்கப்பட்டு, 1.6 என்ற நிலையான பதிப்பாக 2024 ஜனவரியில் வெளிவந்தது. டெபியன் 12 வெளியானதோ 2023 ஜூனில். அதன் வழக்கமான களஞ்சியத்தில் 1.6-க்கு இடமில்லை. அந்த நிலையான பதிப்பு வேண்டும் என்றவர் 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

இந்த இடைவெளியை நிரப்பத்தான் புதிய முறைகள் வந்தன. ‘ஆப்இமேஜ்’ என்பது ஒரே கோப்பு. இறக்கி, இயக்க அனுமதி கொடுத்து, டபுள் கிளிக் செய்தால் ஓடும். மாமா கேட்டது இதைத்தான். ஆனால் தானாக அப்டேட் ஆகும் என்ற உத்தரவாதம் கிடையாது. உபுண்டு 22.04-ல் ‘லிப்ஃப்யூஸ்2’ என்ற நூலகம் இயல்பாக இல்லாமல் போனதால், பல ஆப்இமேஜ்கள் டபுள் கிளிக் செய்தும் அசையாமல் கிடந்தன.

2016-ல் இரண்டு முறைகள் களத்துக்கு வந்தன. உபுண்டுவை உருவாக்கும் கனோனிக்கல் நிறுவனத்தின் ‘ஸ்னாப்’ ஒன்று. அலெக்ஸாண்டர் லார்சன் தொடங்கிய ‘ஃபிளாட்பேக்’ இன்னொன்று. இரண்டுமே மென்பொருளைத் தனக்கு வேண்டிய நூலகங்களோடு சேர்த்துக் கட்டி, கூடியவரை ஒரு வேலிக்குள் ஓடவிடுகின்றன. பெரும்பாலான லினக்ஸ்களில் ஓடும், புதிய பதிப்பு சீக்கிரம் கிடைக்கும். பதிலுக்கு டிஸ்க் இடம் அதிகம் போகும்.

இவற்றுக்குள் சண்டையும் உண்டு. ஸ்னாப் ஸ்டோரின் சர்வர் நிரல் திறமூலம் கிடையாது. சாவி கனோனிக்கலிடம் மட்டும். இதை ஏற்காத லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ், 2020-ல் வந்த தன் 20-ஆம் பதிப்பில், பயனரைக் கேட்காமல் ஸ்னாப் நுழைவதைத் தடுத்தது. ஃபிளாட்பேக்கின் பொதுக் கிடங்கான ‘ஃபிளாட்ஹப்’பிலும் ஒரு சங்கதி உண்டு. அங்கே இருப்பவற்றில் பல, மென்பொருளை எழுதியவரே கட்டியவை அல்ல. ‘வெரிஃபைடு’ அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஸ்னாப் ஸ்டோரில் கிரிப்டோ வாலட் என்ற பெயரில் போலிச் செயலிகள் நுழைந்து, அவற்றை நம்பியவர்கள் பணத்தைப் பறிகொடுத்ததும் நடந்திருக்கிறது. கட்டும் முறை எதுவானாலும், கட்டியவர் யார் என்ற கேள்வி மட்டும் மாறுவதில்லை.

அரை நொடித் தாமதம்

அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று 2024 மார்ச் 29 உலகத்துக்குக் காட்டியது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், டெபியனின் ‘அன்ஸ்டேபிள்’ பதிப்பில் வேறேதோ வேலையாக இருந்தபோது, தொலைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வழியாக லாகின் ஆக வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். விடாமல் தோண்டினார். ‘எக்ஸ்ஸெட்’ என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு ஒரு பின்கதவு வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது.

அந்தக் கருவியை லாசே காலின் என்பவர் வருடக்கணக்கில் ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். மனம் களைத்திருந்த நேரத்தில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, பொறுமையாக நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பையும் வாங்கிக்கொண்டார். பின்கதவு, டெப் அல்லது ஆர்.பி.எம். பேக்கேஜாகக் கட்டப்படும்போது மட்டும் உள்ளே நுழையும்படி எழுதப்பட்டிருந்தது. பேக்கேஜ் கட்டும் இடத்தைப் பிடித்தால் உலகத்தின் சர்வர்களையே பிடிக்கலாம் என்று கணக்குப் போட்ட யாரோ செய்த வேலை. டெபியன் ஸ்டேபிளுக்குப் போகும் முன் பிடிபட்டது நம் நல்ல காலம்.

பெயர் நம்முடையது, உழைப்பு?

இப்போது நம் ஊருக்கு வருவோம். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் 2007-ல் ‘பாஸ்’ லினக்ஸை வெளியிட்டது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யூ-கே.பி.சி. ஆய்வு மையமும் சி-டாக்கும் சேர்ந்து நடத்திய தேசியத் திறமூல மென்பொருள் வள மையத்தின் முயற்சி அது. அதே காலகட்டத்தில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது.

லட்சக்கணக்கான மாணவர்கள் கைக்கு லினக்ஸ் போய்ச் சேர்ந்தது சாதாரண விஷயம் அல்ல. ஆனால் களஞ்சியம் என்ற ஏற்பாடே இணைய இணைப்பை நம்பி இருப்பது. 2011-ல் இணையமே எட்டாத கிராமத்து வீட்டில் ஆப்ட் எங்கிருந்து இறக்கும்? விண்டோஸ் மென்பொருளை பென் டிரைவில் நண்பனிடம் வாங்கலாம். லினக்ஸுக்கு அந்த வழியும் சுலபமில்லை. ஒரு பேக்கேஜ் பத்து பேக்கேஜைக் கேட்கும். கம்ப்யூட்டர் கொடுத்தோம், இயங்குதளம் கொடுத்தோம். நிறுவிக்கொள்ளும் வழியை மட்டும் யோசிக்காமல் விட்டோம்.

கேரளம் இதை வேறு மாதிரி அணுகியது. ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தின் வாரிசான ‘கைட்’ நிறுவனம், உபுண்டுவை எடுத்து, வகுப்பறைக்கு வேண்டிய ஜியோஜீப்ரா, ஜிம்ப், இங்க்ஸ்கேப் போன்றவற்றை முன்கூட்டியே சேர்த்து ஒரே கட்டாகப் பள்ளிகளுக்குத் தருகிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் உண்டு. வாத்தியார் எதையும் தேடி நிறுவ வேண்டியதில்லை. லினக்ஸ் அங்கே நிலைத்ததற்கு இது பெரிய காரணம்.

பாஸின் அடியில் இருப்பது டெபியன். மாயாவின் அடியிலும் கைட்டின் அடியிலும் உபுண்டு. உபுண்டுவின் அடியில் மறுபடியும் டெபியன். டெபியன் 13-ல் 69,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜுகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் அதிகாரபூர்வமாகச் சுமார் ஆயிரம் டெவலப்பர்கள், இன்னும் பல பங்களிப்பாளர்கள், பெரும்பாலும் தன்னார்வலர்கள். நாம் பெயர் சூட்டி நாடாவெட்டிய ஒவ்வொரு ‘சுதேசி’ இயங்குதளமும் இவர்கள் தோளில்தான் நிற்கிறது. அதில் தவறில்லை, கட்டற்ற மென்பொருளின் உரிமமே அதற்குத்தான். எடுத்துக்கொண்ட அளவுக்குத் திருப்பிக் கொடுத்தோமா என்பதுதான் கேள்வி.

கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கேரளத்தைச் சேர்ந்த பிரவீன் அரிம்பிரத்தொடியில் கிட்லாப் போன்ற பெரிய மென்பொருள்களை டெபியனுக்காகக் கட்டினார். கல்லூரி மாணவர்களுக்கு பேக்கேஜிங் பயிற்சி கொடுத்து அவர்களையும் உள்ளே அழைத்துவந்தார். 2023 செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடு முதல்முறையாக இந்தியாவில், கொச்சியில் நடந்தது. தமிழில் 2012 முதல் ‘கணியம்’ இதழ் கட்டற்ற மென்பொருளைப் பற்றி எழுதி வருகிறது. எல்லாம் தனிமனிதர்களின் ஆர்வம். சம்பளம் கொடுத்து இதைச் செய்யச் சொல்லும் அமைப்புகள் இங்கே அரிது.

மாறப் போகிறீர்களா?

வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை யோசனைகள்:

- முதலில் பென் டிரைவிலிருந்தே ‘லைவ்’ முறையில் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரின்டர், ஸ்பீக்கர் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகு நிறுவுங்கள்.

- எது வேண்டுமானாலும் முதலில் களஞ்சியத்தில் தேடுங்கள். டெர்மினல் பயம் என்றால் ‘சாஃப்ட்வேர்’ செயலியோ ‘சினாப்டிக்’கோ போதும்.

- களஞ்சியத்தில் இருப்பது மிகப் பழசு என்றால் மட்டும் ஃபிளாட்பேக் பக்கம் போங்கள். டெப் கோப்பை நேராக இறக்குவது கடைசி வழி. அதுவும் தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும்.

- இணையத்தில் எவரோ சொன்ன ‘சூடோ’ வரியை அர்த்தம் தெரியாமல் ஒட்டாதீர்கள்.

- டேலி போல விண்டோஸுக்கு மட்டுமே வரும் மென்பொருளை நம்பித் தொழில் நடக்கிறது என்றால் அவசரப்பட வேண்டாம். அந்தக் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, வீட்டில் இன்னொன்று இருந்தால் அதில் தொடங்குங்கள்.

- தமிழ் எழுத்துருவும் இடைமுகமும் வேண்டுமென்றால், டெபியன் நிறுவும்போதே மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். தேவையான பேக்கேஜுகள் சேர்ந்தே வரும்.

செய்ய வேண்டியது

மத்திய, மாநில அரசுகளுக்கு இன்னொரு புதிய பெயரில் இன்னொரு இயங்குதளம் தேவையில்லை. டிஜிட்டல் கையொப்ப டோக்கனாகட்டும், பிரின்டராகட்டும், துறைக்கென்று எழுதப்படும் மென்பொருளாகட்டும், லினக்ஸுக்கான பேக்கேஜும் அதன் பராமரிப்பும் கட்டாயம் என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும். பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதிக்கு, இந்திய மொழி எழுத்துருக்கள், விசைப்பலகைகள், சொற்திருத்திகள் ஆகியவற்றை டெபியனிலேயே பராமரிக்க முழுநேர ஊழியர்களை நியமிக்க வேண்டும். ஒரு மேம்பாலத்தின் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகைதான்.

பொறியியல் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு எங்கோ விலைக்கு வாங்கிய நிரலைச் சமர்ப்பிக்கும் பழக்கத்தை விடுங்கள். ஆதரவற்றுக் கிடக்கும் பேக்கேஜுகளின் பட்டியலை டெபியனே வெளியிட்டு வைத்திருக்கிறது. ஒரு மாணவர் அதில் ஒன்றைத் தத்தெடுத்துப் பராமரித்தால், உலகத்தின் முன் அவர் பெயர் பொறுப்பாளராக நிற்கும். வேலை தேடும்போது அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. நிரல் எழுதத் தெரியாதவர்கள் பேக்கேஜ் விவரணைகளைத் தமிழாக்கலாம், கண்ட பிழையை ஒழுங்காக எழுதி அனுப்பலாம். முதல் ஆளாக நீங்களே இந்த வாரம் தொடங்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.